மங்குஸ்தீன் தோலைத் தராத கூட்டாளிக்கு

என் கையைப் பார்த்தால் இப்போது நீ சிரிப்பாய். நகக்கண்ணெல்லாம் ஊதா. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், போவேனா என்கிறது. நேற்று பத்து பஹாட்டில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் யோங் பெங்கில் சாலையோரம் வண்டியை நிறுத்தினோம். பழக்காலம் தொடங்கிவிட்டது, தெரியுமா? டுரியான் வாசம் ஒரு பக்கம் மூக்கைத் துளைக்க, இன்னொரு பக்கம் மங்குஸ்தீன் குவியல் குவியலாகக் கிடந்தது. எனக்கு எங்கே பொறுக்கும்? பட்டுப்புடவையில் கறை படாமல் முன்னால் குனிந்து நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தின்ன ஆரம்பித்தேன்.

தோலை எறியப் போனபோது கடைக்கார மலாய்த் தம்பி பதறிவிட்டான்.

“குலிட் ஜாங்கான் புவாங், காக். போலே லாவான் கன்செர்!”

தோலை எறியாதீர்கள் அக்கா, கேன்சரை எதிர்க்கும் என்கிறான். யாரிடம் சொல்கிறான் பார்! மார்பில் ஒரு பக்கம் முழுக்கத் தழும்போடு நிற்கிற என்னிடம். அந்தத் தோலை வருடக்கணக்கில் அலசிக் காயப்போட்டு அரைத்தவளின் கூட்டாளியிடம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, அதற்குப் பிறகு நீ வந்து நின்றாய். அந்தத் தம்பிக்கு ஒரு பாடமே நடத்திவிட்டுத்தான் நகர்ந்தேன். என் வீட்டுக்காரர் வண்டியில் இருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டுமே. நீயாக இருந்திருந்தால் அவன் கடையை மூடும்வரை பேசியிருப்பாய்.

ஸ்கூடாயில் ஒரே வாடகை வீட்டில் நாம் தங்கியிருந்தபோது, முதல் சண்டையே இந்தத் தோலால்தானே வந்தது. நான் செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பெண்களை மேய்க்கும் லைன் லீடர். வேலை முடிந்து கால் கடுக்க வீட்டுக்கு வந்தால், கூடம் முழுக்கச் செய்தித்தாள் விரித்து ஊதாத் தோல் காய்கிறது. காஹாங்கில் இருந்து ஆராய்ச்சி படிக்க வந்தவள் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தாள். தோல் வியாபாரி என்று சொல்லவில்லை.

“என்னாடி இது, வீடா குப்பைத்தொட்டியா?” என்று கத்தினேன்.

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. “குப்பை இல்ல, என்னோட பிஎச்டி. மிதிச்சிறாத” என்றாய்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த வாரமே நான் உன் கட்சிக்கு மாறிவிட்டேன். பழக்காலம் வந்தால் எங்கள் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கொண்டாட்டம். பழம் எங்களுக்கு, தோல் உனக்கு. வட்டமாக உட்கார்ந்து நாங்கள் தின்னத் தின்ன நீ வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாய். யாராவது தோலைக் கடித்து வைத்துவிட்டால், “அலமாக்! அதை நான் எப்படிடி ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு போறது?” என்று நீ அலறுவது தெருமுனைவரை கேட்கும்.

அந்தத் தோலை அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்துக் கடைசியில் ஒரு சிட்டிகைத் தூளை நீ என்னிடம் காட்டிய நாள் நினைவிருக்கிறது. மஞ்சள் நிறம்! ஊதாத் தோலுக்குள் இருந்து மஞ்சள். நான் ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். “இவ்ளோதானா?” என்று கேட்டதற்கு, “இவ்ளோ கிடைச்சதே பெரிய விஷயம் லா” என்று அந்தச் சின்னப் புட்டியைத் துப்பட்டாவால் துடைத்து வைத்துக்கொண்டாய். யாராவது தங்கத்தைக்கூட அப்படித் துடைப்பார்களா தெரியவில்லை.

அது என்ன செய்யும் என்று கேட்டேன். இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவளுக்குப் புரியும்படி நீ சொன்னாய். எனக்கு இன்றுவரை வேறு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை, மருத்துவர்கள் உட்பட.

“உங்க லைன்ல ஷிப்டு முடிஞ்சா என்ன பண்ணுவீங்க? கார்டு அடிச்சிட்டு வீட்டுக்குப் போவீங்க. உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். பழுதாயிட்டா தானே கார்டு அடிச்சிட்டுப் போயிரும். கேன்சர் செல்லு இருக்கே, அது வீட்டுக்கே போகாத ஆளு. போகாம உக்காந்துகிட்டு, தன்னை மாதிரியே ஆளைச் சேர்த்துக்கிட்டே இருக்கும்.”

“அப்ப உன் தூளு என்ன பண்ணுது? பாக்கார்டு மாதிரி கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுதா?” என்றேன். எங்கள் தொழிற்சாலைக் காவலாளிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“இல்லடி, அதுதான் இதுல அழகே. செல்லுக்கு உள்ள குட்டிக் குட்டியா மைட்டோகாண்ட்ரியா இருக்கும். கரண்டு குடுக்கிறது அதுதான். தமிழ்ல இழைமணின்னு பேரு வச்சிருக்காங்க, கேக்கவே எவ்ளோ நல்லா இருக்கு! இந்தத் தூளு அதோட சுவரை லேசா இளக வைக்குது. உள்ள பூட்டி வச்சிருந்தது வெளிய கசியுது. அது கசிஞ்சா, நேரமாச்சுன்னு அந்தச் செல்லுக்கே தெரிஞ்சிரும். மீதிய அதுவே பார்த்துக்கும்.”

ஒருநாள் என்னை ஆராய்ச்சிக் கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனாய். ரோஸ் நிறத் தண்ணீரில் கேன்சர் செல்கள் வளர்கின்றன என்று ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் காட்டியபோது நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். நீயோ அவற்றுக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாய். நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாய். இழைமணி நன்றாக இருந்தால் சிவப்பாகத் தெரியும், அதன் கரண்டு போய்விட்டால் பச்சையாகத் தெரியும், அதற்கென்று ஒரு சாயம் என்றாய். முதல் கண்ணாடித் தட்டில் ஒரே சிவப்பு. உன் மஞ்சள் தூளைக் கண்ட தட்டில் பச்சை பச்சையாகப் புள்ளிகள். சில செல்கள் சுருங்கி, தம்மைத் தாமே பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தன.

என் தோளைப் பிடித்து உலுக்கி, “எவ்ளோ நாகரிகமா சாகுது பாரு!” என்றாய். அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்கள் முகத்தில்கூட.

பிறகு வாழ்க்கை அதன் போக்கில் போனது. எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், கூலாயில் வீடு வாங்கினோம். என் வீட்டுக்காரர் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார். நீ பட்டம் வாங்கி அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனாய். காஹாங்கில் உன்னை எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட, பக்கத்து வீட்டுப் பாட்டையா சட்டையைக் கழற்றிக்கொண்டு முதுகுவலி பார்க்க வந்து உட்கார்ந்த கதையைச் சொல்லி நாம் எத்தனை நாள் சிரித்தோம்!

அந்தச் சமயத்தில்தான் உன் ஆராய்ச்சி பற்றித் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இருந்து பேட்டி எடுத்தார்கள். நீ ஒவ்வொரு வாக்கியத்தையும் அளந்து அளந்து சொன்னாய். “புற்றுநோய் அணுக்களைத் தாமாகவே இறக்கத் தூண்டலாம்” என்று சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மறுநாள் கொட்டை எழுத்தில் என்ன வந்தது? ‘மங்குஸ்தீன் தோல் புற்றுநோயைக் கொல்லும்!’ கோப்பிக் கடையில் அதைப் பார்த்துவிட்டு நீ அழுதே விட்டாய். எனக்கோ உன் படத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில் தலைகால் புரியவில்லை.

“ஒரு ‘லாம்’தானேடி போச்சு, விடு லா” என்றேன்.

“அந்த ‘லாம்’தான்டி என் ஆராய்ச்சி. மீதியெல்லாம் வெறும் தோலு” என்றாய்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய நேரம் சீக்கிரமே வந்தது. குளிக்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனையில் ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். மார்பில் கேன்சர், அறுவை செய்ய வேண்டும், பிறகு கீமோ என்றார் மருத்துவர். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் அப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எனக்குச் சாவைவிடக் கீமோதான் பயம். எங்கள் லைனில் வேலை செய்த ஓர் அக்கா முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே அழுததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

குளுவாங்கில் இருந்து என் அண்ணன் வந்து இறங்கினான். கையில் அந்தப் பழைய பத்திரிகை. உன் படத்தைத் தட்டிக் காட்டி, “கத்தி எதுக்கு, கீமோ எதுக்கு? உன் கூட்டாளி கையிலயே மருந்து இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பழகினவங்க, உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?” என்றான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? நான் உடனே உனக்குப் போன் போட்டேன்.

நீ வகுப்பை விட்டுவிட்டு அப்படியே வந்தாய். ஆராய்ச்சிக் கூடத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாய். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “எப்ப ஆப்பரேஷன்?” என்று கேட்டாய்.

“ஆப்பரேஷன் வேணாம். உன் மஞ்சள் தூளைக் குடு” என்றேன்.

“தர மாட்டேன்.”

யோசிக்கக்கூட இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

“நீதானேடி சொன்ன, கேன்சர் செல்லைச் சாக வைக்கலாம்னு? நான் பக்கத்துல உக்காந்து கேட்டேனே!”

“ஆமா. ‘லாம்’னு சொன்னேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். உள்ள வரலாம், சோறு சாப்பிடலாம், மருந்து குடிக்கலாம். ‘லாம்’னா சரின்னுதானே அர்த்தம்?”

நீ என்னையே பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அத்தனை வருடம் நீ பேசிய இடத்திலெல்லாம் ஜனங்கள் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று அன்றுதான் உனக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நீ ‘ஒருவேளை’ என்று சொல்லியிருக்கிறாய். நாங்கள் எல்லாரும் ‘தாராளமாக’ என்று கேட்டிருக்கிறோம்.

“என் ‘லாம்’ அது இல்லடி” என்று மெதுவாகச் சொன்னாய். “நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இன்னும் தெரியாதுங்கிறதுதான் என் ‘லாம்’. தட்டுல நேரா ஊத்தினா சோப்புத் தண்ணிகூட கேன்சர் செல்லைக் கொல்லும். அதுக்காகச் சோப்புத் தண்ணிய குடிப்பியா? நீ தூளைக் குடிச்சா அது வயித்துக்குப் போகும், ஈரலுக்குப் போகும், ஈரல் அதை உடைச்சுப் போட்டுரும். உன் கட்டி வரைக்கும் எவ்ளோ போய்ச் சேரும்னு எனக்குத் தெரியாது. கீமோவோட சேர்ந்தா உதவி பண்ணுமா, அதையும் கெடுக்குமா, அதுவும் தெரியாது. ஆனா இப்ப இருக்கிற கட்டிய வெட்டி எடுக்க முடியும்னு அந்த டாக்டருக்குத் தெரியும்.”

அண்ணன் சும்மா இருப்பானா? “அப்ப இத்தனை வருசமா நீங்க பண்ணதெல்லாம் பொய்யா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். நீ உட்கார்ந்த இடத்தில் இருந்தே பதில் சொன்னாய்.

“பொய் இல்லண்ணே. எல்லாம் உண்மை. ஆனா பாதி வழிதான் வந்திருக்கேன். பாதி வழியில என் கூட்டாளிய இறக்கிவிட மாட்டேன்.”

நீ போன பிறகு அண்ணன் விடவில்லை. சட்டத்துக்குப் பயப்படுகிறாய், வேலை போய்விடும் என்று மறைக்கிறாய் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை காஹாங் கோயில் மண்டபத்தில் உனக்குப் பாராட்டு விழா, அதற்கு அடுத்த வாரம்தான் என் அறுவை. “வீட்டுக்குள்ள நாலு சுவத்துக்கு நடுவுல என்ன வேணும்னாலும் சொல்லலாம். மாலை போட்டு மேடை ஏத்தி, ஊரே மருந்து கண்டுபிடிச்சவங்கன்னு சொல்லும்போது இல்லேன்னு சொல்லுவாங்களா? பார்ப்போம். சொல்லிட்டா நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சொல்லலேன்னா நீ அந்தத் தோலைக் குடி.” நானும் தலையாட்டிவிட்டேன். பயந்தவளுக்கு எல்லாக் கணக்கும் சரியாகத்தான் தெரியும்.

அன்றைக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் இருந்து மேடைவரை உன் முகம். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: ‘புற்றுநோய்க்கு மருந்து கண்ட எங்கள் மண்ணின் மகள்.’ செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் வெந்து உன்னைப் படிக்கவைத்த உன் அப்பா, புதுச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. கோயில் தலைவர் பொன்னாடை போர்த்தினார். மாலை உன் கழுத்தை மறைத்தது. கை தட்டல் அடங்கவே இல்லை. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, “பார்த்தியா?” என்றான்.

நீ இல்லை என்று சொன்னால் எனக்குக் கத்தி. சும்மா இருந்துவிட்டால் எனக்குத் தோல். சும்மா இரு, சும்மா இரு என்று மனசுக்குள் உன்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீ மைக்கைப் பிடித்தாய். “எல்லாருக்கும் வணக்கம். முதல்ல அந்தப் பேனரை இறக்குங்க” என்றாய்.

விளையாட்டு என்று நினைத்துத் தலைவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

“நான் மருந்து கண்டுபிடிக்கல. மங்குஸ்தீன் தோல்ல இருக்கிற ஒரு பொருள், கண்ணாடித் தட்டுல இருக்கிற கேன்சர் செல்லைத் தன்னைத்தானே முடிச்சிக்க வைக்குது. அதை என் கண்ணால பார்த்தேன். அதுல எனக்கு ரொம்பப் பெருமை. அதுக்கு நீங்க கை தட்டினா வாங்கிக்கிறேன். ஆனா தட்டு மனுசன் இல்ல. தட்டுக்கு வயிறு கிடையாது, ஈரல் கிடையாது, ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகாம இந்தத் தோலைக் குடிச்சிட்டு வீட்ல படுத்திருக்கிறவங்க இங்க யாராச்சும் இருந்தா, நாளைக்கே போங்க. என் பேரைச் சொல்லிச் சாகாதீங்க.”

பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து, “அப்ப குடிக்கலாமா, கூடாதாம்மா? ஒரே வார்த்தையில சொல்லு” என்றார்.

“கூடாதும்மா” என்றாய். “வேலை செய்யலாம்னுதான் நான் சொன்னேன். குடிக்கலாம்னு நான் எப்பவும் சொல்லல.”

தலைவர் எழுந்து, நிகழ்ச்சி முடிந்ததும் பேனரைப் பார்த்துக்கொள்ளலாம், மந்திரி ஆபீசில் இருந்தெல்லாம் ஆள் வந்திருக்கிறார்கள் என்று உன் காதில் ஏதோ சொன்னார். நீ அசையவில்லை. அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். மேடை ஓரமாக நடந்துபோய், கயிற்றின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். இன்னொரு பக்கம் அவிழ்க்க முடியாமல் திணறியபோது, வாழ்த்துப் பாட்டுக்கு வாசிக்க வந்திருந்த மிருதங்கக்காரர் போய்ப் பிடித்தார். அப்பா அந்தப் பேனரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, தனியாகக் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கடைசியாக நீ ஒன்று சொன்னாய். “என் கூட்டாளி ஒருத்தி இங்கதான் உக்காந்திருக்கா. என் தூளைக் குடுன்னு கேட்டா. தர மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப என் மேல கோவமா இருப்பா. இருக்கட்டும். உயிரோட இருந்து என்னை நல்லாத் திட்டட்டும்.” எல்லாரும் யார் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். நானும் எல்லாரையும் போலவே திரும்பித் திரும்பித் தேடினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

வெளியே வந்து அண்ணன் தேநீர் வாங்கிக் குடித்தான். காலிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டான்.

“காலையிலயே.”

“சரி. நான் லீவு போட்டுர்றேன்.”

அவ்வளவுதான். அறுவை நடந்தது. கீமோ நடந்தது. நான் பயந்ததெல்லாமும் நடந்தது. முடி கொட்டியது, வாய் புண்ணானது, ரசத்தைக்கூட விழுங்க முடியாமல் அழுதேன், உன்னைத் திட்டினேன். நீ ஆசைப்பட்டபடி நன்றாகவே திட்டினேன். ஒவ்வொரு முறையும் நீ பக்கத்து நாற்காலியில் மாணவர்களின் தேர்வுத்தாளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துப் பையை நிமிர்ந்து பார்த்து, “இது எதுல இருந்து வந்துச்சு தெரியுமா?” என்று கேட்டாய்.

“எந்தக் கழிவறையில இருந்து வந்துச்சோ!” என்றேன்.

“மரத்துப் பட்டைடி. குளிர் நாட்டுல ஒரு மரம். என் தோலு மாதிரிதான் இதுவும். ஒருநாள் யாரோ ஒருத்தர் தட்டுல ஊத்திப் பார்த்து, ‘வேலை செய்யலாம்’னு எழுதியிருப்பாங்க. அதோட நிறுத்திருந்தா உனக்கு இன்னிக்கு இது கிடைச்சிருக்காது. எலிக்குக் குடுத்து, மனுசனுக்குக் குடுத்து, எவ்ளோ போதும், எவ்ளோ அதிகம்னு பார்த்து, யார் யாரோ கடைசி வரைக்கும் நடந்திருக்காங்க.” அந்தப் பையைத் தொட்டுக் கும்பிடாத குறை. உனக்குப் பொறாமை என்பதே கிடையாது. யாரோ முகம் தெரியாதவர்கள் முடித்த வேலைக்கு நீ கண் கலங்குகிறாய். உன்னைப் போய்க் கூட்டாளி என்று சொல்லிக்கொள்வதே எனக்கு ஒரு பட்டம்தான்.

நான் பிழைத்தேன். நீ போய்விட்டாய். அதுவும் டெங்கியில். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனவள், மருத்துவமனையில் சேர்த்த பிறகு கண்ணையே திறக்கவில்லை. உன் வீட்டு வாசலில் ஒருவர், “கேன்சரையே ஆராய்ச்சி பண்ணவங்க, பாவம், கொசுவுக்குப் போய்…” என்று இழுத்தார். நான் விட்ட சத்தத்தில் அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டார். என்ன பேச்சு அது! நீ கேன்சரோடு சண்டை போடவில்லையே. அது எப்படிச் சாகிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய், பார்த்ததை மட்டும் சொன்னாய். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியும்?

உன் மாணவி ஒருத்தி இப்போது அந்த வேலையைத் தொடர்கிறாள். சாலையில் பார்த்தால் நின்று பேசுவாள். தூளை உடம்புக்குள் உடையாமல் கொண்டுபோக ஏதோ எண்ணெய்க் குமிழிக்குள் அடைத்துப் பார்க்கிறார்களாம். “எப்ப முடியும்மா?” என்று கேட்டேன். “தெரியலக்கா. முடியாமலும் போகலாம்” என்றாள். அப்படியே உன் குரல். அங்கேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், பாவம், பயந்துபோனாள்.

நான் இப்போது சனிக்கிழமைகளில் அதே மருத்துவமனைக்குப் போகிறேன். கீமோவுக்கு வரும் பெண்களுக்குத் துணையாக உட்காருவோம், என்னைப் போல முடித்துவிட்டு வந்தவர்கள் சிலர். அண்மையில் ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, கணவன் செனாய் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுபவன். முதல் கீமோவுக்கு முன்னாலேயே எழுந்து போகத் தயாராக இருந்தாள். கைப்பையில் ஒரு புட்டி. ஊதாவும் பழுப்புமாக ஒரு கஷாயம். நான் திறந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, வாசமே சொல்லிவிட்டது.

“இது இயற்கைக்கா. போன்ல எல்லாரும் அனுப்புறாங்க, கேன்சர் செல்லை உள்ளயே இருந்து சாகடிச்சிருமாம்” என்றாள்.

நான் உன்னைப் போல அழகாகப் பேசக் கற்றவள் இல்லை. எனக்குத் தெரிந்த லைன் லீடர் பாஷையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தட்டைச் சொன்னேன், ஈரலைச் சொன்னேன், ‘லாம்’ என்றால் என்ன என்று சொன்னேன். அந்தத் தோலை அரைத்தவளே எனக்குத் தர மாட்டேன் என்றாள், அதனால்தான் உன் முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். மேல்சட்டையை விலக்கித் தழும்பையும் காட்டினேன். அவள் முகம் சுண்டிப்போய்ப் புட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் ஞாயிற்றுக்கிழமை உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன சனிக்கிழமை அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி, தலைக்கு மேலே பை, சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. பிழைக்கலாம். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“அக்கா, உங்க கூட்டாளி டாக்டர் இருக்காங்கல்ல, அவங்களுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லிருங்க.”

நீ இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். வாக்குக் கொடுத்தால் செய்ய வேண்டும் இல்லையா? அதனால்தான் இன்று உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினேன்.

அவள் பெயர் செல்வி. உனக்கு நன்றி சொன்னாள்.